அப்பாவின் டீசல் இன்ஜினுக்குச் சத்தம் வைத்த நாள்

அப்பா ரயில் ஓட்டியவர். காட்பாடி–விழுப்புரம் பாதையில் டீசல் இன்ஜின் ஓட்டி ஓய்வு பெற்ற கொஞ்ச காலத்திலேயே சர்க்கரை அவர் பார்வையைக் கொண்டுபோய்விட்டது. அதுவரை சாயங்காலங்களில் சாப்பாட்டு மேஜையில் தண்டவாளத்தை வட்டமாகப் பொருத்தி, ஒரு மாடல் டீசல் இன்ஜினை ஓட்டுவார். எங்கள் ஊர் செங்கம் ரோட்டில் அறை எடுத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனது. பார்வை போனபின் அதை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். அதன் மோட்டார் சத்தம் மெலிசு. வண்டி எந்த மூலையில் போகிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை.

நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் நடத்துகிறவள். இன்ஜினுக்குள் வைக்கிற ஒலி சிப், பொத்தான் அளவு ஸ்பீக்கர், வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற புது கன்ட்ரோலர் எல்லாம் வரவழைத்தேன்.

"அதைத் திறக்காதம்மா. பழசு. திறந்தா அப்புறம் ஓடாது" என்றார் அப்பா.

"இப்ப மட்டும் ஓடுதா?" என்று கேட்டுவிட்டேன். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

அதன்பிறகு அவர் என்னிடம் சரியாகப் பேசவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே பீரோ சாவியை நீட்டினார். "என் எதிர்லயே செய்."

அதுதான் கஷ்டமாகப் போனது. ஒவ்வொரு திருகு கழலும்போதும், "என்ன எடுத்தே?" என்று கேட்டார். அந்தப் பழைய இன்ஜினில் மோட்டாரின் ஒரு முனை உடம்பு இரும்போடு சேர்ந்திருக்கும். சிப் வைப்பதற்கு முன் அதைப் பிரிக்க வேண்டும். துளி தொட்டாலும் கரன்ட் போட்டதும் சிப் கருகிவிடும். அடியில் டேப் ஒட்டி மோட்டாரை உட்காரவைத்து மீட்டரை வைத்தேன். பீப் என்றது.

"இன்னும் தொடுதா?"

"தொடுதுப்பா. கீழ ஒரு பித்தளை நாக்கு இருக்கு. வெட்டணும். வெட்டினா பழையபடி ஆக்க முடியாது."

பௌர்ணமி கிரிவலத்துக்கு ஆள் ஏற்றி வந்த ஆட்டோக்கள் தெருவில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. கட்டர் என் விரலில் வழுக்கியது.

"வெட்டு" என்றார் அப்பா.

மறுபடி மீட்டரை வைத்தேன். சத்தம் வரவில்லை.

சிப்பையும் ஸ்பீக்கரையும் பொருத்தித் தண்டவாளத்தில் வைத்தபோது இன்ஜின் அசையவே இல்லை. அப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. சக்கரத்தில் வருஷக்கணக்கான அழுக்கு. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து மறுபடி வைத்தேன். செருமுவதுபோல ஒரு சத்தம். பிறகு சீரான உறுமல்.

அப்பா வெகுநேரம் காது கொடுத்துக் கேட்டார். "இது நம்ம இன்ஜின் சத்தம் இல்ல. வெளிநாட்டு வண்டி."

நான் சுவிட்சை அணைக்கப் போனேன். ஆனால் அவர் கையை நீட்டினார். கன்ட்ரோலரின் குமிழில் அவர் விரலை வைத்தேன். உறுமல் ஏறி, வண்டி நகர்ந்தது. அவர் தலை அதோடு திரும்பியது. ரெண்டு சுற்று போனதும் வண்டியை நிறுத்தி, தண்ணீர் நிறைந்த டம்ளரைத் தடவி எடுத்துத் தண்டவாளத்தின் மேலேயே வைத்தார்.

"வேணாம்ப்பா. தண்ணி கொட்டினா சிப் போயிடும்" என்று டம்ளரைப் பிடித்தேன்.

"கையை எடு."

அவர் குமிழைத் திருக, வண்டி வளைவில் திரும்பி வந்தது. குமிழுக்குப் பக்கத்துப் பொத்தானை அழுத்தி நீளமாக ஹாரன் கொடுத்தார், வேகத்தைக் குறைத்தார். அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். டம்ளருக்கு முன்னால் இன்ஜின் நின்றது. அப்பா ரெண்டுக்கும் நடுவில் கைவிட்டு அளந்தார். நாலு விரல் இருந்தது.

"இடம் ஜாஸ்தி விட்டுட்டேன். இன்னொரு தடவை பார்க்கலாம்" என்றார்.