காவடி எடுக்கும் கோச்

இன்று எங்கள் ரந்தாவ் ஊர்த் திடலில் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டேன். அதற்கே பொல்லாதவளாகிவிட்டேன்.

எங்கள் தோட்டக் குடியிருப்புப் பையன்களின் காற்பந்துக் குழுவைக் கோயில் கமிட்டிதான் நடத்துகிறது. பயிற்சி முடிந்ததும் கோச் தன் காரில் பிள்ளைகளை வீடு வீடாக இறக்கிவிடுவார். எங்கள் வீடு கடைசி. அதுவரை என் மகன் அவரோடு தனியாக வருவான்.

இன்று வேலை சீக்கிரம் முடிந்ததால் மகனை அழைத்துவர நானே மோட்டார் சைக்கிளில் போனேன். கமிட்டித் தலைவர் அங்கே இருந்தார்.

"அண்ணே, கடைசி வரைக்கும் இன்னொரு பெரியவங்களும் கார்ல இருக்கட்டுமே. கோச் யாரா இருந்தாலும் இதான் ரூல்ஸ்னு வச்சிருவோம்" என்றேன்.

அவர் முகம் சுண்டிவிட்டது. "என்னாமா நீ? வருஷா வருஷம் காவடி எடுக்கற ஆளு லா அவரு!"

பக்கத்தில் நின்ற ஓர் அம்மா சிரித்தார். "ஆம்பளப் பிள்ளதானே, அவனுக்கு என்னா ஆயிடப் போவுது?"

கோச்சைச் சந்தேகப்படவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். யார் காதிலும் ஏறவில்லை.

திரும்பும் வழியில் பின்னாலிருந்து மகன் கேட்டான். "ம்மா, இனிமே என்னைய வெளையாட எறக்குவாங்களா?"

வீட்டை அடைவதற்குள் வாட்சப் குழுவில் தலைவரின் அறிவிப்பு: "இனி பயிற்சி நேரத்தில் பெற்றோர் திடலுக்கு வர வேண்டாம். கோச் மனம் புண்படுகிறது." கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள்.

பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு கேட்டேன். கோச்சுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

உங்கள் ஊரில் எப்படி? கோச் பத்திரமாக இருக்கிறாரா?