பாய்லர் மூடியில் பரமீசியம்

காலை ஆறு பத்துக்கு எல்லாம் கெடத் தொடங்கியது. மகளின் ஊறுகாய் பாட்டிலைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்றிருந்தது. எனக்கு மனசு பொறுக்கவில்லை.

பாட்டிலில் ஊறுகாய் இல்லை. வைக்கோல் வேகவைத்த தண்ணீரில் குட்டைத் தண்ணீரைக் கலந்து, பரமீசியம் என்னும் ஒற்றைச் செல் உயிர்களை மகள் அதில் வளர்த்துவந்தாள். அன்று பள்ளியில் அறிவியல் கண்காட்சி. சிவப்புச் சாயம் ஏற்றிய ஈஸ்ட்டைப் போட்டு, ஒரு செல் எப்படி விழுங்குகிறது என்று நுண்ணோக்கியில் உயிரோடு காட்டப்போகிறாள். சேலத்திலிருந்து வரும் நடுவருக்குப் பிடித்தால் மாவட்டப் போட்டி. பிளஸ் ஒன் படிக்கிறவளுக்கு அந்த வாரம் அதைத் தவிர வேறு உலகம் இல்லை.

"அதுக்குப் பல்லு கெடையாதும்மா," என்று முந்தின நாள் விளக்கியிருந்தாள். "இரை வந்தா, பக்கவாட்டுப் பள்ளத்தோட அடியில செல்லோட மேல்சவ்வே உள்பக்கமாக் குழியும். குழி மூடிக்கிட்டு ஒரு பையாகி, அறுந்து உள்ள போயிரும். செல்லுங்க தண்ணி குடிக்கறதும் அப்படித்தான், குட்டிக் குட்டிப் பையா. குளிருல மட்டும் மெதுவாத்தான் நடக்கும்."

இவ்வளவிலும் என் காதில் விழுந்தது குளிர் ஒன்றுதான். மழைக்காலத்தில் மங்கி குல்லா இல்லாமல் மகளைப் பால் வாங்கக்கூட அனுப்பாதவள் நான். எங்கள் எஸ்டேட் குவார்ட்டர்ஸில் வெந்நீர் போடும் விறகு பாய்லரின் மூடிமேல்தான் ஈர சாக்ஸைக் காயவைப்போம். சாக்ஸைத் தள்ளிவிட்டுப் பாட்டிலை வைத்தேன். அது போதாதென்று மகள் குளிக்க இரண்டு விறகை வேறு செருகினேன்.

பாட்டிலை எடுக்கப்போன மகள் கையைச் சுட்டுக்கொண்டாள்.

"சூப்பு வெச்சிட்டியாம்மா?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாதானப்படுத்தத் தெரியும்.

"நாள்பட்ட அழுக்குத் தண்ணியில அது தானாவே இருக்கும். முடிஞ்சா கொண்டா," என்று பள்ளிக்குப் போய்விட்டாள்.

டார்ச்சும் காலி பாட்டிலுமாக ஒண்டிக்கடை என்னும் கடைத்தெருவுக்குப் போனேன். டெங்கு கொசுவுக்காகத் தேங்கிய தண்ணீரைச் சோதிக்க ஆள் வரும் வாரம் அது என்பது எனக்கு உறைக்கவில்லை.

"ஏனுங்க, பழைய தண்ணி ஏதாச்சும் தேங்கிக் கெடக்குதுங்களா?" என்று டீக்கடை அம்மாவிடம் கேட்டேன்.

என் டார்ச்சைப் பார்த்தார். உடனே பின்பக்கம் போனார். ஒரு டிரம் கவிழும் சத்தம் கேட்டது.

"எங்ககிட்ட ஒரு சொட்டு நிக்காதுங்க மேடம். பக்கத்துக் கடையில பாருங்க, அங்க நொம்பக் கெடக்கும்."

நான் போவதற்குள் பக்கத்துக் கடையிலும் வாளிகள் கவிழ்ந்திருந்தன. பட்டம் வாங்கியவள், ஒரு பாட்டில் சாக்கடைக்கு வக்கில்லாமல் தெருவையே சுத்தம் செய்துவிட்டுத் திரும்பினேன்.

கடைசியில் சர்ச் கல்லறைத் தோட்டத்தில் கிடைத்தது. யாரோ என்றோ வைத்துப்போன செவ்வந்தி, தகரடப்பாவில் அழுகி நின்றது. கல்லறைக்குள் இருப்பவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தண்ணீரைச் சாய்த்தேன். அப்படியொரு நாற்றத்தை அவ்வளவு சந்தோஷமாக நான் முகர்ந்ததே இல்லை.

பள்ளியில் மகள் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். "இருக்குது," என்றாள், மூச்சு விட்டபடி. ஈஸ்ட் போட்டாள்.

"சாப்புடுதா?"

"இல்ல."

"இப்ப?"

"நீ இப்படிப் பக்கத்துலயே நின்னா நான்கூடத்தாம்மா சாப்புட மாட்டேன்."

நகர்ந்து நின்றேன். அரை அடிதான். அப்புறம் அவளே கூப்பிட்டாள். செருப்பின் அடிபோல் ஒன்று நெளிந்து ஓடியது. அதன் பக்கவாட்டுப் பள்ளத்தில் சிவப்புத் துகள்கள் சுழன்று இறங்கின. பள்ளத்தின் அடியில் ஒரு குமிழ் பருத்து, கழன்று, உடலுக்குள் மிதந்தது. என் மகள் முதன்முதலாகப் பருப்புச்சோறு விழுங்கியபோதும் நான் இப்படித்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆனால் நடுவரைக் காணவில்லை. மலைப்பாதையில் பஸ் நின்றுவிட்டதாம். விளக்குச் சூட்டில் சொட்டு வற்ற வற்ற, மகள் அதன் ஓரத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தாள். என்னை எதையும் தொட விடவில்லை.

மதியம் நெருங்கும்போது நடுவர் வந்தார். ஒரு கையில் எலுமிச்சம்பழம், மறு கையில் முடிச்சுப்போட்ட பாலிதீன் பை. நாற்காலியைப் பிடித்துக் குனிந்து நுண்ணோக்கியில் கண் வைத்தவர் நெடுநேரம் எடுக்கவே இல்லை.

"அடிவாரத்துலிருந்து ஒவ்வொரு வளைவுலயும் நான் உள்ள போனதையெல்லாம் வெளிய தள்ளிட்டு வரேன் சாமி," என்றார் மகளிடம். "இது என்னடான்னா அசராம முழுங்குது. இரு, இன்னொரு உருண்டை உள்ள போறதையும் பாத்துட்டு மார்க் போடறேன்."