அவர் பக்கத்தில் உட்கார, நான் ஓட்டிய கார்

அந்தக் காரை முதன்முதலில் மூன்றாவது கியரில் போட்டு மிதித்தபோது நான் சிரித்துவிட்டேன். பக்கத்து இருக்கையில் என் கணவர், வாய் ஒருபக்கம் கோணிப்போய், வலது கை மடியில் கிடக்க உட்கார்ந்திருந்தார். பக்கவாதம் வந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. அப்படிப்பட்டவரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகிறவள் சிரிக்கலாமா? சிரித்தேன். இதை மறைத்து எழுதுவதானால் எழுதவே வேண்டாம்.

எண்பதுகளின் தொடக்கம் அது. மலேசியாவில், ஈப்போ நகரத்துச் சிலிபினில் எங்கள் வீடு. பிள்ளைகள் இல்லை. அவர் லோரி வைத்துத் தொழில் செய்தார். கார் ஜெர்மன் கார். நான்கு கதவு, கரும்பச்சை, தோல் இருக்கைகள். ஈயச் சுரங்கம் வைத்திருந்த ஒரு சீனத் தவுக்கே முதலாளியிடம் வாங்கியது. வெளியே பார்த்தால் பெரிய மனிதர் வீட்டுக் கார், உள்ளே இருந்த எஞ்சினோ ஓடுவதற்கென்றே செய்தது. முன்னிருக்கை அவருடைய கூட்டாளிகளுக்கு. கூட்டாளிகள் இல்லாத நாளிலும் நான் பின்னால்தான்.

எனக்கும் லைசென்ஸ் இருந்தது. பழைய சின்னக் காரை நான்கு வருடம் மார்க்கெட்டுக்கு ஓட்டியவள் நான். இது வந்ததும் அதை விற்றுவிட்டார். ஒரே ஒரு தடவை சாவியைக் கேட்டேன்.

"எஸ்டேட்டுல பால் மரம் வெட்டுனவளுக்கு இந்தக் காடி கேக்குதா?" என்றார், கூட்டாளிகள் முன்னால்.

அவர்கள் சிரித்தார்கள். தேத்தண்ணீர்த் தட்டைப் பிடித்துக்கொண்டு நானும் சிரித்து வைத்தேன். ஐயா மட்டும் என்ன மாளிகையிலா பிறந்தார்? அதே ரப்பர்த் தோட்டத்தில், எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கு இரண்டு வரிசை தள்ளித்தான். சொல்ல நாக்குத் துடித்தது. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

ஒருநாள் காலை முகம் மழித்துக்கொண்டிருக்கும்போதே விழுந்தார். வலப்பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. லோரிகளை அவர் தம்பி எடுத்துக்கொண்டார். காரையும் கேட்டார். நான் முந்திக்கொண்டு, காரின் கிராண்டை, அதாவது உரிமைப் பத்திரத்தை, என் பெயருக்கு மாற்றும் ஃபாரத்தைக் கொண்டுவந்தேன். அவருடைய இடது கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தினேன். கையை இழுத்தார். பதினொரு வருடம் ரப்பர்ப் பால் வாளி தூக்கிய கை என்னுடையது. விடவில்லை.

அப்படித்தான் நான் அந்தக் காருக்குச் சொந்தக்காரி ஆனேன்.

நிற்கும்போது ஸ்டியரிங் கல்லாகக் கனக்கும். வேகம் ஏற ஏற இரண்டு விரலுக்கு அடங்கும். வளைவில் திருப்பினால் உடம்பு சாயாது, இருக்கை இடுப்பைப் பிடித்துக்கொள்ளும். பழைய ரப்பர் மரங்களுக்கு நடுவே போகும்போது எஞ்சின் சத்தம் இரண்டு பக்கமும் மோதித் திரும்பி வரும். நாலு மணிக்கு எழுந்து அதே மாதிரி மரங்களுக்கிடையே வாளியோடு நடந்தவள், இப்போது முள் நூற்றிருபதைத் தாண்ட அவற்றைக் கடந்து போனேன். பக்கத்தில் அவருடைய நல்ல காலான இடது கால், தரையில் பிரேக்கைத் தேடித் தேடி அழுத்தும். அவர் பயப்படுவது தெரிந்தது. தெரிந்துதான் மிதித்தேன்.

செவ்வாயும் வெள்ளியும் பயிற்சி. கைக்கும் காலுக்கும் வாய்க்கும் பயிற்சி கொடுத்த மிஸ்ஸி, அந்த நர்ஸ், நம் தமிழ்ப் பெண். ஐந்தாவது வாரம் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அண்ணேக்கு வாய் தொறக்குது லா! இந்த மூணு நாலு மாசம்தான் வேகமா வரும், அப்புறம் கஷ்டம். ஒரு நாளும் விடாம கூட்டிட்டு வாங்க."

திரும்பி வரும் வழியில் ஒரு பஸ்ஸை முந்தினேன். அவர் வாயைக் கோணிக் கோணி, எச்சில் வழிய, முக்கி முக்கி ஒரு சொல்லை வெளியே தள்ளினார்.

"நிப்பாட்டு."

ஓரங்கட்டி நிறுத்தினேன். அவர் முகத்தில் அப்படி ஒரு வெற்றி. அடுத்து வரப்போகும் சொற்கள் எல்லாம் எனக்குத் தெரியும். சாவி. குடு. பின்னால போ.

அடுத்த செவ்வாய் வீட்டிலிருந்து பெரிய சாலைக்கு வந்து நின்றேன். ஒரு பக்கம் மருத்துவமனை, மறுபக்கம் லகாட் ஊருக்குப் போகும் வழி. மருத்துவமனைப் பக்கம் போட்டிருந்த சிக்னலை அணைத்தேன். லகாட் பக்கம் திருப்பினேன்.

அவர் இடது கையால் கண்ணாடியைத் தட்டினார்.

"காத்து வாங்கிட்டு வரலாங்க," என்றேன்.

லகாட்டைத் தாண்டி, ஈயம் தோண்டிய குட்டைகளைத் தாண்டி, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே தெலுக் இந்தான் வரை போனேன். மழை விட்டுக் காய்ந்த சாலை, எதிரில் வண்டியே இல்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக நான் எதையும் செய்ததில்லை. அங்கே மார்க்கெட்டில் கருவாடு வாங்கி, அந்தத் தோல் இருக்கையிலேயே போட்டுக்கொண்டு திரும்பினேன். வெள்ளிக்கிழமையும் போகவில்லை. ஒரு நாள், இரண்டு நாள் என்றுதான் நினைத்தேன். பதினான்கு வாரம் ஆகிவிட்டது. தட்டிக்கொண்டிருந்தவர் பிறகு தட்டுவதை விட்டுவிட்டார். "நிப்பாட்டு" என்ற அந்தச் சொல்லும் திரும்ப வரவில்லை.

கடைசியில் டாக்டர் பார்க்க வேண்டிய நாள் வந்தது. அதைத் தட்டமுடியாது. டாக்டர் அவர் வாயைத் திறக்கச் சொன்னார், பேசச் சொன்னார், பிறகு எழுதிக்கொண்டார். இனிமேல் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள் என்று என்னிடம் சொன்னார்.

மிஸ்ஸிக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏங்க்கா வரல? அவ்வளவு நல்லா வந்துக்கிட்டு இருந்துச்சே!"

"காடி கெட்டுப்போச்சு மிஸ்ஸி. வேற வழி இல்ல," என்றேன்.

அந்தக் கார் ஒரு நாள்கூடக் கெட்டதில்லை. அது எனக்குத் தெரியும். இன்னொருவருக்கும் தெரியும். அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தார். தொண்டையில் ஏதோ சத்தம் வந்தது. இடது கையைத் தூக்கி என்னைச் சுட்டிக்காட்டினார்.

மிஸ்ஸி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "பாருங்கக்கா, உங்களத்தான் தேடுறாரு. நீங்க குடுத்து வச்சவங்க."

நான் போய் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.