சோமசேகரம் கொண்டுவந்த வால்

திருகோணமலைப் பக்கம் சல்லிக் கரையில் தங்கரத்தினத்தின் புருஷன் சோமசேகரம் நல்ல மீன்காரர் என்று பெயர் எடுத்தவர். கதை அளக்கிறவர் என்றும் பெயர் எடுத்தவர். அவர் சொல்வதில் சனம் பாதியைக் கழித்துவிட்டுத்தான் கேட்கும். தங்கரத்தினம் முக்காலையும் கழித்துவிடுவாள்.

சுனாமி கடலடியைப் புரட்டிப்போட்டதற்கு அடுத்த வருஷம் அவருடைய வலையில் ஒரு சட்டகம் சிக்கியது. ஆள் உயரத்துக்கும் மேல். மெல்லிய அலுமினிய விலாக்கள் வரிசையாக இருந்தன, மேலே தகடு கிடையாது. அவ்வளவு பெரிய சாமானை ஒற்றைத் தோளில் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தார்.

“பிளேனிட வால், தங்கம். வெள்ளைக்காரன்ர காலத்தில சீனக்குடாவுக்கு வந்த கடல் பிளேன் ஒண்டிட.”

“பிளேன் எண்டால் தகடு இருக்கவேணுமே. இது வெறும் எலும்புக்கூடு.”

“துணி போர்த்திருப்பாங்கள். உக்கிப் போயிருக்கும். இஞ்ச பார், விலா முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டை. எதையோ பிடிச்சுக் கட்டியிருக்கினம்.”

“துணியில பிளேனோ? மழை பெய்தால் கழற்றிக் காயப்போடுவாங்களோ?”

அடுத்த நாள் மீன் வாங்க வந்தவர்களிடமும் அதையே சொல்லிச் சிரித்தாள். கரை முழுக்கச் சிரித்தது. பக்கத்து வள்ளக்காரன் ரஜீவன் சோமசேகரத்துக்கு ‘பைலட்’ என்று பட்டம் வைத்தான். மகள் சோபனா பள்ளிக்கூடத்தால் அழுதுகொண்டு வந்தபோதுதான் தங்கரத்தினத்துக்குச் சிரிப்பு நின்றது. பிள்ளையையும் ‘பைலட்டின்ர மகள்’ என்கிறார்களாம்.

அவளுக்குக் கோபம் புருஷன் மேல் வந்தது. அவர் கடலுக்குப் போயிருந்த நேரம், பழைய சாமான் எடுக்கச் சைக்கிளில் வந்தவனிடம் சட்டகத்தைக் கொடுத்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் பேசின் வாங்கிக்கொண்டாள். அவன் அதை அங்கேயே காலால் மிதித்து மடித்தான்.

பின்னேரம் வந்த சோமசேகரம் வெறும் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“எங்க அது?”

“குடுத்திட்டன். பிள்ளை படுற பாடு காணாதே?”

அவர் சத்தம் போடுவார் என்று அவள் காத்திருந்தாள். “சரி” என்றார். கை கழுவிவிட்டுச் சோற்றுக்கு இருந்தார். அதற்குப் பிறகு கடலில் என்ன கண்டாலும் வீட்டில் சொல்லமாட்டார். கேட்டால் “ஒண்டுமில்லை” என்பார். வீடு அமைதியாக இருக்கிறதென்று அந்த நாட்களில் அவளுக்குச் சந்தோஷம்தான். கொரோனாக் காலத்துக்கு அடுத்த வருஷம் நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில் அவர் போய்விட்டார்.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகன் தனஞ்சயன் கதிரையில் இருந்து போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். பேத்திக்குத் தலை வாரிக்கொண்டிருந்த தங்கரத்தினம் எட்டிப் பார்த்தாள். ஏதோ ஒரு தேசத்தில் பழைய யுத்த விமானம் ஒன்றைத் திருத்துகிறார்கள். மேசையில் ஒரு சட்டகம் கிடந்தது. மெல்லிய விலாக்கள், வரிசையாக ஓட்டைகள். இரண்டு பெண்கள் அதற்கு வெள்ளைத் துணி போர்த்து, நீண்ட ஊசியால் விலாவோடு சேர்த்துத் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் கையில் சீப்பு நின்றுவிட்டது. “உது என்ன, மருமகன்?”

“வால், மாமி. அந்தக் காலத்தில வாலில திரும்பிற பாகத்தைத் துணியாலதான் போர்ப்பாங்களாம், பாரம் குறைய. மேல ஒரு வாணிசு பூசினால் காய்ஞ்சு மேளத்தோல் மாதிரி இறுகுமாம். மழைக்கும் ஒண்டும் ஆகாதாம்.”

“கடலில இறங்கிற பிளேனுக்குமோ?”

“ஓம். சீனக்குடாவில நிண்ட கட்டலினா எண்ட கடல் பிளேனுக்கும் அந்தப் பாகம் துணிதானாம்.”

“திரும்பக் காட்டுங்கோ” என்றாள். மூன்றாந்தரமும் பார்த்துவிட்டுக் குசினிக்குள் போனாள். சோபனா போய்ப் பார்த்தபோது அடுப்பு மூட்டாமல், சுவரைப் பிடித்தபடி நின்று அழுதுகொண்டிருந்தாள்.

“கொப்பா சொன்னது சரி பிள்ளை. நான் ஒருக்காலும் அந்த மனுசன்ர கதையை முழுசாக் கேட்கேல்லை.”

விடிந்ததும் கரைக்குப் போய் ரஜீவனைப் பிடித்தாள். “அவர் கொண்டுவந்தது பிளேனிட வால்தான், தம்பி.”

ரஜீவன் புரியாமல் விழித்தான். “எந்த வால், அக்கா?”

அவனுக்கு எல்லாம் மறந்துபோயிருந்தது, வைத்த பட்டம்கூட. அவள் ஆரம்பத்திலிருந்து சொன்னாள். கயிறு சுற்றுவதை நிறுத்திவிட்டு அவன் கேட்டான், சிரிக்கவில்லை.

“அப்ப மிச்சப் பிளேன் இன்னும் கடலுக்க கிடக்கும். எந்த இடமாம், அக்கா? அண்ணை சொல்லியிருப்பாரே?”

தங்கரத்தினம் கடலைப் பார்த்தாள். அதை அவள் கேட்டிருக்கவே இல்லை.