தங்கை வீட்டுக் காற்று

நகரத்து மாடிகளில் வைத்திருக்கும் கருவிகளில் காற்றின் நுண்தூசி படிந்த ஃபில்டர் தாள்களை மாற்றுவதுதான் அக்காவின் வேலை. "எங்க ஊர்ல உனக்கு வேலையே இருக்காது" என்று கிராமத்துத் தங்கை கேலி செய்வாள்.

பார்த்துவிடலாமென்று ஒரு விடுமுறையில் அக்கா கருவியோடு போய் இறங்கினாள். வயலோரம் வைத்த தாள் மறுநாளும் வெளுப்பாகவே இருந்தது. தங்கைக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. அக்கா விடாமல் சமையலறையிலும் வைத்தாள். அந்தத் தாள் நகரத்துச் சாலையோரத் தாளைவிடக் கறுத்துப்போனது.

தங்கை விறகடுப்பைப் பார்த்தாள். "அப்ப என் இருமலுக்குப் பனி காரணமில்லையாக்கா?"

"புகையாத்தான்டி இருக்கும்."

அன்றே அடுப்பைக் கொல்லைப்புறத்துக்கு மாற்றினார்கள். ஒரு மாதம் கழித்துத் தங்கை போன் செய்தாள். "இருமல் பாதியாயிடுச்சு. கருவியோட மறுபடி வாக்கா, மாவு மில்லுல வச்சுப் பாப்போம்!"