பெட்டியோடு வந்த இறுதிப் போட்டி

சலவை நிலையத்தில் இஸ்திரி போடும் அந்த அக்காவுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. தாய் ஸ்தானத்தில் நின்று வளர்த்த தங்கை மல்யுத்த இறுதிப் போட்டியில் ஜெயித்ததை வீட்டுக் கேபிள் பெட்டி பதிவு செய்திருந்தது. வேலையிடத்தில் எல்லாருக்கும் காட்டலாமென்று பென் டிரைவில் ஏற்றப் பார்த்தாள். "இந்தச் சேனலை நகலெடுக்க அனுமதி இல்லை" என்று திரையில் வந்தது.

கேபிள் அலுவலகத்துக்குப் போன் போட்டாள்.

"பதிவு பண்ணின பெட்டியில மட்டும்தாம்மா ஓடும்" என்றார் அங்கிருந்தவர்.

"அந்தப் பெட்டி எங்க இருந்தாலும் ஓடுமா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஓடும்."

உடனே வயர்களைப் பிடுங்கினாள்.

"ஏய், என் சீரியல்!" என்று புருஷன் அலறினான்.

"சாயங்காலம் வந்துடும், போங்க!"

பெட்டியைத் துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனாள்.

மதியம் உணவறை டிவியில் மாட்டினாள். தங்கை எதிராளியை அலாக்காகத் தூக்கிப் புரட்டியதும் அறையே அதிர்ந்தது. "என்ன கூச்சல் இங்க?" என்று மேற்பார்வையாளர் ஓடி வந்தார். திரையைப் பார்த்ததும் கோபம் போன இடம் தெரியவில்லை.

"யாரும்மா அது?"

"என் கூடப்பிறந்தவ சார்!" அவள் திரையைத் தொட்டுக் காட்டினாள்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "முதல்லேர்ந்து போடும்மா."