ஏழரை அடிக் கதவு

என் தம்பியை ஊரில் முழக்கோல் என்று கூப்பிடுவார்கள். ஆள் நெட்டை, ஒல்லி, எதையும் அளந்து பார்க்காமல் பேசமாட்டான். நாற்பத்திரண்டு வயதுவரை அவன் வாயிலிருந்து ஒரு தப்பான அளவு வந்ததில்லை. அதற்குப் பிறகு ஒன்பதாயிரத்துச் சொச்சம் தப்பான அளவுகளுக்கு ஆறே மாதத்தில் கையெழுத்துப் போட்டான். அவன் கதையைச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. அத்தனை தாள்களையும் தட்டச்சு செய்தவள் நான்தான்.

போரில் நாங்கள் ஜெயித்தோம். வானொலியில் சொல்லியிருக்காவிட்டால் எங்களுக்குத் தெரிந்திருக்காது. ஊரில் பாதிச் சுவர்கள் நின்றன, கூரைகளும் கதவுகளும் எரிந்து போயிருந்தன. தம்பியின் தச்சுப் பட்டறை இருந்த இடத்தில் கரி மட்டும் கிடந்தது. கையில் எடுத்துக்கொண்டு ஓடிய உளிப் பையும் மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும்தான் மிச்சம். எல்லோரும் என் வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்தார்கள். என் கணவரைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: அவர் போரில் போகவில்லை. அதற்கு நாலு வருடம் முன்பே இன்னொருத்தியோடு போய்விட்டார். என் வீட்டு வாசலிலும் கதவு எரிந்து வெறும் நிலை மட்டும் நின்றது. அதில் ஒரு கோணியைத் தொங்கவிட்டிருந்தேன்.

எதிரி நாடு நமக்கு நஷ்டஈடு தரவேண்டும் என்று ஒப்பந்தம் ஆனதும் பழைய தானியக் கிடங்கில் இழப்பீட்டு அலுவலகம் திறந்தார்கள். நகராட்சியில் தட்டச்சுக்காரியாக இருந்த என்னை அங்கே மாற்றினார்கள். ஊர்க் குழுவுக்குத் தலைவராக வந்தவர் மரக்கடை முதலாளி. சண்டை நடந்தபோது பட்டாளத்துக்கு ஈர மரத்தைக் காய்ந்த மரத்தின் விலைக்கு விற்று மாடி கட்டியவர். திறப்பு விழாவில் தொண்டை நரம்பு புடைக்கப் பேசினார். "எதிரியோட பையைக் கவுத்துப் போட்டு, கடைசிக் காசு விழுற வரைக்கும் உலுக்கணும்!" அன்றிலிருந்து அவர் பெயர் கடைசிக்காசு. கைதட்டிய கூட்டத்தில் நானும் இருந்தேன், அதை மறைப்பதற்கில்லை.

கதவுக்கென்று தனி விண்ணப்பப் பாரம். எத்தனை கதவு, என்ன உயரம், என்ன அகலம் என்று எழுதவேண்டும். சதுர அடிக்கு இவ்வளவு என்று ஈடு. உயரம் ஏழரை அடிக்கு மேல் எழுதினால் பாரம் செல்லாது. மர அளவு எதுவானாலும் தேர்ந்த தச்சர் ஒருவர் பார்த்துச் சான்று தரவேண்டும், அது இல்லாமல் ஒரு தாளும் நகராது. ஊரில் உயிரோடு இருந்த தச்சன் என் தம்பி ஒருவன்தான்.

முதலில் வந்தவர் முடிதிருத்துகிறவர். ஒற்றை அறை, ஒற்றைக் கதவு. தம்பி நேரில் போய் நிலையை அளந்து, ஆறடி என்று எழுதிக்கொண்டு வந்தான். கடைசிக்காசு அதை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்னப்பா முழக்கோல், எதிரிக்கு மிச்சம் பிடிச்சுக் குடுக்கிறியா?"

"இருக்கிற அளவுதானேங்க எழுத முடியும்?"

"அட மண்டு! பணம் வந்ததும் இந்த ஊருக்குக் கதவு யார் செய்யப்போறா? நீதானே? அவன் அஞ்சு கதவுன்னு எழுதினா அஞ்சு கதவு உனக்கு வேலை. ஏழரை அடின்னு எழுதினா அதுக்கேத்த கூலி. யோசி."

தம்பி யோசித்தான். பசித்தவனை யோசிக்கச் சொன்னால் என்ன யோசிப்பான்? முடிதிருத்துகிறவருக்கு ஐந்து கதவு, ஒவ்வொன்றும் ஏழரை அடி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். மறுநாள் கிடங்கு வாசலில் வரிசை நின்றது. கோழிக்கூண்டுக்குக் கதவு, கிணற்றடிக்குக் கதவு, தாத்தா காலத்தில் இடிந்த வீட்டுக்குக் கதவு. எல்லாம் ஏழரை அடி. கடைசிக்காசு தன் வீட்டுக்கு அறுபத்துநாலு எழுதினார். அறுநூறு வீடுள்ள ஊருக்கு ஒன்பதாயிரம் கதவு சேர்ந்தது. நாங்களே கூப்பிட்டு உட்காரவைத்த ஏழரை அது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ஏன்டா, உனக்குக் கை கூசலையா?"

"இதைப் பொய்யின்னு பாக்காதக்கா. ஆர்டர்னு பாரு. பத்து வருஷத்துக்கு வேலை இருக்கு. முதல் கதவு உனக்குத்தான், போதுமா?"

நான் மட்டும் என்ன யோக்கியம்? என் பாரத்தில் மூன்று கதவு, ஏழரை அடி என்று நானே அடித்து, அவனிடமே கையெழுத்து வாங்கினேன்.

பணம் வருவதற்கு முன்பே மரம் வாங்கிக் காயப்போட வேண்டும் என்று அவன் பறந்தான். கடைசிக்காசுதான் கடனுக்கு மரம் கொடுத்தார். பட்டறை மனையை அடமானமாக எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்தார்.

அங்கே இரண்டு நாட்டுப் பெரிய மனிதர்களும் ஏரிக்கரை ஓட்டல் ஒன்றில் எட்டு மாதம் உட்கார்ந்து பேசினார்கள். ஜெயித்தவர்கள் பணம் கேட்டார்கள். தோற்றவன் தன் நோட்டுக் கட்டுகளை நீட்டினான். அதில் ஒரு மூட்டை கொடுத்தால் ஒரு ரொட்டி வரும், அதுவும் காலையிலேயே போனால்தான். சரி, பணம் வேண்டாம், சரக்காகக் கொடு என்றார்கள். இரும்பு தருகிறேன் என்றான். நம் இரும்பாலைக்காரர்கள், இலவச இரும்பு வந்தால் நாங்கள் மூடவேண்டியதுதான் என்று மந்திரி வீட்டு வாசலில் அழுதார்கள். இரும்பு வேண்டாம் என்று ஆயிற்று. நிலக்கரி என்றதும் சுரங்க முதலாளிகள் அழுதார்கள், துணி என்றதும் ஆலைக்காரர்கள் அழுதார்கள். அழுத பிள்ளைக்குத்தான் பால். கடைசியில், எதைக் கொண்டுவந்தால் அழுவதற்கு ஆள் இல்லை என்று தேடியிருக்கிறார்கள். தச்சர்களுக்குச் சங்கம் கிடையாது, மந்திரியைத் தெரியாது. கதவாகவே வாங்கிக்கொள்வோம் என்று கையெழுத்தாகி, எங்கள் பாரங்களை அப்படியே அந்த நாட்டுக்கு அனுப்பிவைத்தார்கள்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். எங்கள் புளுகின் முதல் தவணை ஒன்றரை வருடம் கழித்து ரயிலில் வந்து இறங்கியது. பாண்டு வாத்தியம் வாசித்தார்கள். இறக்குக்கூலி குத்தகை கடைசிக்காசுக்கு. ஒவ்வொரு கதவின் ஓரத்திலும் பாரத்தின் எண்ணும் செய்தவனின் எண்ணும் அச்சாகியிருந்தன. தம்பி ஒரு கதவை நிமிர்த்தி, உள்ளங்கையால் மேலிருந்து கீழே தடவினான்.

"நல்ல மரம்க்கா. நல்லா காய வச்சுச் செஞ்சிருக்கான்."

கதவைப் பழைய இடத்திலேயே சாய்த்துவைத்தான்.

ஊரே அன்று கதவு தூக்கிப் போயிற்று. ஆறடி வாசலில் ஏழரை அடிக் கதவு நுழையுமா? மேலே ஒன்றரை அடியை அறுத்துவிடலாம் என்று பத்துப் பேர் தம்பியைக் கூப்பிட்டார்கள். அதற்காவது கூலி வரும் என்று ரம்பத்தைத் தீட்டினான். அதற்குள் தலைநகரிலிருந்து சுற்றறிக்கை வந்தது. இறுதித் தணிக்கை முடியும்வரை நஷ்டஈட்டுக் கதவை அறுக்கவோ விற்கவோ கைமாற்றவோ கூடாது, மீறினால் சிறை. அதையும் நான்தான் நூற்றைம்பது பிரதி அடித்தேன். காசுள்ளவன் கொத்தனாரைக் கூப்பிட்டு வாசலை இடித்து உயர்த்தினான். இல்லாதவன் கதவைப் படுக்கப்போட்டு அதன்மேல் தூங்கினான். முடிதிருத்துகிறவர் ஒரு கதவின் இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி, வருகிறவர்களை அதன்மேல் உட்காரவைத்துச் சவரம் செய்தார். கொழுத்துப் போனவர் கொத்தனார்தான்.

தம்பியிடம் ஒரு கதவு செய்யச் சொல்லவும் ஆள் இல்லை. வந்ததும் வரப்போவதுமாக ஒன்பதாயிரம் கதவு உள்ள ஊரில் பத்தாவது ஆயிரத்துக்கு யார் வருவார்கள்? கடைசிக்காசு அடுத்த மாதமே மரத்தையும் மனையையும் சேர்த்து எடுத்துக்கொண்டார். எனக்கு வாக்குக் கொடுத்த முதல் கதவுக்கென்று தம்பி ஒதுக்கிவைத்திருந்த பலகைகளும் அந்த வண்டியில்தான் போயின. அலுவலகத்தில் வேலை செய்கிறவர்களின் பாரங்கள் கடைசியில்தான் நிறைவேற்றப்படும் என்று ஒரு விதி. ஆக, கதவுகளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாத ஊரில் என் வாசலில் மட்டும் கோணி தொங்கியது.

ஒரு வருடம் முக்காலிக்குக் கால் ஒட்டிப் பிழைத்தான். பிறகு ஒருநாள் வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து ஒரு தாளோடு வந்தான். இரண்டாம் தவணைக் கதவுகளுக்காக எதிரி நாட்டுத் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கிறார்கள். அவர்களுடைய தச்சர்களில் பாதிப் பேர் சண்டையில் செத்துவிட்டார்கள்.

"எதிரி ஊருக்கா போறே?" என்றேன்.

"அங்க வேலை இருக்குக்கா. இங்க கதவு மட்டும்தான் இருக்கு."

அவன் ரயிலேறிய அன்று கடைசிக்காசு டீக்கடையில் உட்கார்ந்து துரோகி, துரோகி என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாராம். வெட்கம் என்பது ஒரு சரக்காக இருந்திருந்தால் அதையும் இந்த மனிதருக்கு இறக்குமதிதான் செய்திருக்க வேண்டும்.

மாதம் ஒரு கடிதமும் மனைவிக்குக் கொஞ்சம் பணமும் வரும். ஒரு கடிதத்தில் எழுதியிருந்தான்: "அக்கா, இங்கே நான் செய்வதெல்லாம் நான் சான்று கொடுத்த கதவுகள்தான். உங்கள் ஊர் ஆட்கள் எவ்வளவு உயரம் என்று மேஸ்திரி கேட்கிறார். என்னைக் காட்டி, ஊரில் நான்தான் குள்ளம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். ஆனால் இங்கே கெடுபிடி அதிகம். நம் பக்கத்திலிருந்து அளவு குறைவு என்று ஒரு புகார் வந்தால் போதும், செய்தவன் எண்ணைப் பார்த்து அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுகிறார்கள். அரை அங்குலத்துக்காகப் போன வாரம் ஒருவன் போனான். இந்த வேலையும் போய்விட்டால் குழந்தைகளுக்கு நான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை."

முதல் கதவுகள் வந்திறங்கிய மூன்றாவது வருடம் அலுவலகக்காரர்களின் முறை வந்தது. மூன்று கதவுகளை வண்டியில் கொண்டுவந்து என் வீட்டுச் சுவரில் சாய்த்தார்கள். கூடவே தலைநகரிலிருந்து வந்த சரிபார்ப்பு அதிகாரி. இருபத்தைந்து வயதிருக்கும், சட்டைப்பையில் மூன்று பேனா. முதல் இரண்டையும் அளந்து சரி என்றார். மூன்றாவதை அளந்தவர், டேப்பை இன்னொரு தடவை பிடித்தார்.

"அம்மா, இதப் பாருங்க. ஆறடிதான் இருக்கு. ஒன்றரை அடி திருடிட்டானுங்க!"

நான் கிட்டே போனேன். கதவின் மேல்விளிம்பில், மாட்டிவிட்டால் யார் கண்ணிலும் படாத இடத்தில், பென்சிலால் எழுதியிருந்தது: "மழையில் இறுக்கும். அடியில் ஒரு நூல் சீவவும்." அந்த எழுத்தை மூன்றாம் வகுப்பில் அடித்துத் திருத்தியவள் நான். பாரத்து எண்ணைப் பார்த்திருக்கிறான், மடையன். என் வாசல் அளவை மனசில் வைத்து, என் கதவைச் செய்து அனுப்பியிருக்கிறான். ஊரையே ஏழரை அடி என்று எழுதிய கை, எனக்கு மட்டும் நிஜ அளவில் செய்திருக்கிறது. எனக்குக் கோபம் வந்தது. இந்த முட்டாளுக்கு நேர்மை திரும்புவதற்கு வேறு நேரம் கிடைக்கவில்லையா?

அதிகாரி புகார்ப் பாரத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தார். "செஞ்சவன் எண் இருக்கு. இன்னைக்கே அனுப்பிடறேன்."

அந்தப் பாரத்தையும் அடித்தவள் நான். ஒவ்வொரு வரியும் எனக்கு மனப்பாடம்.

"ஏழாவது வரியப் படிங்க தம்பி," என்றேன். "மர அளவுன்னா தச்சர் சான்று வேணும். இல்லாட்டி புகார் செல்லாது."

"தச்சரக் கூப்பிடுங்க."

"இந்த ஊர்ல இருந்தது ஒருத்தன்தான். அவன் அங்க போய்க் கதவு செய்யறான்."

அவர் என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு மூன்றரை மணி ரயில்.

"பாரத்த வெறுமனே விடக்கூடாதும்மா. குறையிருக்குன்னு எழுதணும், இல்ல சரியா இருக்குன்னு நீங்க எழுதித் தரணும். தணிக்கையில மாட்டினா உங்க வேலைதான் போகும்."

"எழுதித் தரேன்," என்றேன்.

எழுதினேன். கதவு ஒன்று, உயரம் ஏழரை அடி, அளவு சரி, எதிரி நாட்டிடமிருந்து முழுமையாகப் பெற்றுக்கொண்டேன். ஆறடிக் கதவை ஏழரை என்று தம்பி முதல் நாள் எழுதியபோது கை கூசவில்லையா என்று கேட்டேன் அல்லவா? எனக்குக் கூசவில்லை.

அடியில் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், சீவினேன். அவனுடைய பழைய இழைப்புளி பின்னறையில் இருந்தது. அவன் மனைவி ஒரு பக்கம் பிடிக்க, கீலை முடுக்கினோம். நிலைக்குள் கதவு பொருந்தி உட்கார்ந்தது. அடுத்த நாள் காலை கடைசிக்காசு வந்து நின்றார். தன் வாசலை இடித்து உயர்த்தியதில் சுவர் விரிசல் விட்டு, முன்னறைக்கு முட்டுக்கொடுத்து வைத்திருப்பவர். கதவை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்த ஊர்ல உன் வீட்டுக்கு மட்டும் எப்படிம்மா அளவு சரியா வந்துச்சு? ஆபீஸ்ல இருக்கோம்னு ஏதாவது தில்லுமுல்லு பண்ணினியா?"

மூன்று வருடமாக அந்த மனிதர் முகத்தில் அறைந்த மாதிரி கதவைச் சாத்தவேண்டும் என்று எனக்கு ஆசை. கோணியை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியவில்லை.

சாத்தினேன்.